நீர்க்காகம் தலை தூக்கும் இடம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் ஒன்பது வருஷம் கண்டக்டராக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த ஒன்பதில் ஆறு வருஷம் ஒரே டிரைவரோடு ஓடினேன். அவருக்கு அப்போதே ஐம்பதை நெருங்கிய வயது. தடித்த கழுத்து, நரைத்த மீசை, எப்போதும் தோளில் ஒரு துண்டு. ஞாயிற்றுக்கிழமை முதல் நடைக்கு முன்னால் கோயில் பூசையை முடித்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் ஸ்டியரிங்கைத் தொடுவார். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் தம்பி என்பார், மனசு நன்றாக இருந்தால் சாமி என்பார்.

ஒரு நாளைக்கு மூன்று நடை. மேலே போய்ச் சேர்ந்ததும் முக்கால் மணி நேரம் வண்டி நிற்கும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏரிக்கு நடந்தே போய்விடலாம். கையில் டீயோடு நாங்கள் அங்கேதான் போய் நிற்போம். மற்ற வண்டிக்காரர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். எனக்கு ஏரி பிடிக்கும். எங்கள் தெருவுக்குப் பின்னாலும் ஒரு ஏரி இருந்தது, நான் நீச்சல் பழகியது அதில்தான். நீர்க்காகத்தை அங்கேயே நிறையப் பார்த்திருக்கிறேன். ஏற்காட்டு ஏரியில் அதைப் பார்த்ததும் ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

டிரைவருக்கு முதலில் அதெல்லாம் காக்காய்தான்.

"காக்கா என்ன தம்பி தண்ணிக்குள்ள போகுது? செத்துறப் போகுது."

"அது காக்கா இல்லீங்கண்ணா. நீர்க்காகம். மீன் பிடிக்குது. இப்ப எங்க எந்திரிக்கும்னு சொல்லுங்க பாக்கலாம்."

அப்படித்தான் அந்த விளையாட்டு ஆரம்பித்தது. பறவை உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு போகும். பார்க்கப் பாம்பு நீந்துவது போல இருக்கும். சட்டென்று ஒரு துள்ளு, ஆள் காணாமல் போய்விடும். நாங்கள் ஆளுக்கொரு இடத்தைக் கையால் காட்டுவோம். அது பாட்டுக்கு அரை நிமிஷம் கழித்து எங்கேயோ தலையைத் தூக்கும். யார் காட்டிய இடத்துக்குப் பக்கமோ அவருக்கு மற்றவர் அடுத்த டீ வாங்கித் தர வேண்டும். நாலு மாதத்தில் டிரைவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். பறவை முங்கும்போது எந்தப் பக்கம் கழுத்தைச் சாய்க்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார். "வண்டி எந்தப் பக்கம் ஒடிக்கப் போறான்னு முன்சக்கரத்தப் பாத்தாத் தெரியாதா, அந்த மாதிரிதான்" என்பார். வருஷக்கணக்கில் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

தண்ணீருக்குள் பாதி சாய்ந்து கிடந்த ஒரு பட்ட மரம் இருந்தது. மீன் தின்று முடித்த பறவைகள் அதில் ஏறி உட்கார்ந்து இரண்டு றெக்கையையும் விரித்துக் காயவைக்கும். ஈரத் துணியைக் கொடியில் போட்ட மாதிரி அப்படியே அசையாமல் நிற்கும். டிரைவருக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். "வேல முடிஞ்சுது, இனி யாரு வந்து கூப்புட்டாலும் வரமாட்டேன்னு நிக்குது பாரு" என்று சிரிப்பார். படகுத்துறையில் யாராவது புது ஆள் வந்து கல்லெறிந்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

ஆறாவது வருஷம் நான் ஜெயிக்க ஆரம்பித்தேன்.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று டீ என்று ஆரம்பித்து, பிறகு தினமும் நானே ஜெயித்தேன். நான் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அப்போது வேறு சில காரியங்களையும் செய்ய ஆரம்பித்திருந்தார். பேப்பரை மடித்து என்னிடம் நீட்டி, "என்ன போட்டிருக்கான், சத்தமாப் படி" என்பார். பஸ்ஸின் முன் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பார். மலை இறங்கும்போது, "பின்னால போயி என்ன பண்ணப் போற, இங்க நின்னு எதாச்சும் பேசிட்டு வா" என்று என்னை முன் படிக்கட்டுப் பக்கம் நிற்க வைப்பார். எதிரே வண்டி வருகிறதா என்று கேட்காமல், "அந்த லாரிக்காரன் யாரு, நம்ம ஆளா?" என்று கேட்பார். லாரியே இல்லை என்றால் நான் "எந்த லாரிங்கண்ணா?" என்பேன். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும். இதெல்லாம் பின்னால் யோசித்துப் பார்த்தபோது புரிந்தது. அந்த நேரத்தில் வயசாகிறது, பேச்சுத் துணை தேடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசி மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு மதியம். ஏரி முழுக்கக் கண் கூசியது. ஒரு பறவை முங்கியது. நான் அல்லிக்கொடி ஓரத்தைக் காட்டினேன். அவர் நடு ஏரியைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில், "அதோ, தூக்கிருச்சு! நான் சொன்ன எடம்!" என்று கையை நீட்டினார். அங்கே ஒரு தேங்காய் மட்டை மிதந்துகொண்டிருந்தது.

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். அது கேலி முகம் இல்லை. ஜெயித்த முகம்.

என் சிரிப்பு நின்றுபோனது. அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பட்ட மரத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை, வெறும் கிளை.

"அண்ணா, அந்த மரத்துல இன்னிக்கு நாலு உக்காந்திருக்குது பாருங்க" என்றேன்.

அவர் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஆமா, நாலு. அந்த ஓரத்துல இருக்கிறது றெக்கய விரிச்சிருக்குது" என்றார்.

எனக்குக் கையில் இருந்த டீ கசந்தது. எவ்வளவு நாளாக அவர் இப்படி என் வாயைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ தெரியவில்லை. அதைவிட, இன்னும் கால் மணியில் நிறைய ஜனத்தை ஏற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டும்.

அன்றைக்குப் பள்ளிக்கூட விடுமுறை விட்டிருந்தார்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு ஏறினார்கள். நிற்க இடமில்லை. யாரிடம் போய் என்ன சொல்வது? அவசர அவசரமாக டிக்கெட் போட்டு முடித்துவிட்டு முன் படியில் வந்து நின்றுகொண்டேன். ஒரு வளைவு பாக்கி விடாமல், "ஜீப் வருதுங்கண்ணா", "ஓரமா ஆளு போறாங்க", "காலியா இருக்குது" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஒரு தடவை கூட ஏன் என்று கேட்கவில்லை. அதிலேயே அவருக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அடிவாரத்தில் பிரேக் ஆறட்டும் என்று வண்டியைப் பத்து நிமிஷம் நிறுத்துவோம். அவர் இறங்கிப் புளியமரத்துப் பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"அண்ணா, மரத்துல நாலு இல்லீங்க. ஒண்ணுகூட இல்ல."

அவர் திரும்பவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எங்கிட்டப் பொய் சொல்லிப் பாத்தியா?"

நான் டிக்கெட் பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

"கண்ணு தெரியுதான்னு நேரடியாக் கேட்டிருக்கலாமில்ல? ஆறு வருசமா ஒண்ணாச் சோறு திங்கறோம். நாலுன்னு சொல்லிப் பாக்கறயே."

"கேட்டிருந்தா உண்மையச் சொல்லியிருப்பீங்களா?"

அவர் புளியமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். ஒரு வருஷமாகவே எல்லாம் புகை மூட்டமாகத் தெரிகிறது என்றார். வெயில் அடித்தால்தான் மோசம், மோடம் போட்டால் பரவாயில்லை. சின்ன மகள் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம். அவள் முடிக்கும் வரைக்கும் தாக்குப் பிடித்தால் போதும். ரோடு மனப்பாடம், ஒவ்வொரு வளைவும் காலுக்குத் தெரியும், பிரச்சினை எதிரே வருவதுதான்.

"நீ முன்னால நின்னாப் போதும் கண்ணு. இன்னிக்கு வந்தோமில்ல, அந்த மாதிரி. நாம ரெண்டு பேருஞ் சேந்து ஓட்டலாம்."

ஐம்பத்திமூன்று வயது ஆள் என்னைப் பார்த்துக் கண்ணு என்றார். அதுவரைக்கும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நான் சரி என்று தலையாட்டினேன். அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ என்று "சரிங்கண்ணா" என்று வாயாலும் சொன்னேன்.

பதினாறு நாள் அப்படி ஓட்டினோம். நான் அதை யாரிடமும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. வண்டி கிளம்பும் முன்பே எல்லா டிக்கெட்டையும் போட்டு முடித்துவிடுவேன். முன் படியில் நின்றுகொண்டு நான் சொல்லச் சொல்ல அவர் ஒடிப்பார். எங்களுக்குள் சின்னச் சின்ன வார்த்தைகள் ஏற்பட்டுவிட்டன. "ம்" என்றால் ரோடு காலி. "இருங்க" என்றால் எதிரே பெரிய வண்டி. ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது. கிளியூர்ப் பக்கம் போகும் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் வழக்கமாக எங்கள் வண்டியில்தான் வருவார். "தம்பி நொம்பப் பொறுப்பான பையன், உள்ள நின்னு தூங்கறதில்ல" என்று என்னைப் புகழ்ந்தார். நான் பல்லைக் காட்டினேன்.

ஏரிக்கரையில் விளையாட்டு நின்றுபோனது. ஆனாலும் போய் நின்றோம். பறவைகள் என்ன செய்கின்றன என்று நான் சொல்லுவேன். இப்போது ஒன்று முங்கியது. மீனோடு வந்திருக்கிறது. மீன் குறுக்கே மாட்டிக்கொண்டது, மேலே தூக்கிப் போட்டுத் தலைப் பக்கமாகப் பிடிக்கிறது. விழுங்கிவிட்டது. தொண்டை வீங்கியிருக்கிறது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு தடவை, "அந்த மரத்துல?" என்று கேட்டார். அன்றைக்கு உண்மையிலேயே மூன்று இருந்தன. மூன்று என்றேன். "சத்தியமா?" என்றார். "சத்தியமாங்கண்ணா" என்றேன்.

பதினேழாவது நாள் காலை இரண்டாவது நடை இறங்கிக்கொண்டிருந்தோம். அது ஆரஞ்சுப் பருவம். எஸ்டேட்டுக்குள்ளிருந்து பெண்கள் கூடையில் பழம் கொண்டுவந்து ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்பார்கள். மேலேயிருந்து மூன்றாவது வளைவு தாண்டும்போது, என் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை வாந்தி எடுத்தது. அதன் அம்மா, "ஏனுங்க கண்டக்டர், ஒரு காயிதம் இருந்தாக் குடுங்களேன்" என்றாள். நான் திரும்பினேன். பைக்குள் கையை விட்டுப் பழைய டிக்கெட் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான். எண்ணினால் ஐந்து நொடி இருக்கும்.

டப் என்று ஒரு சத்தம். வண்டிப் பக்கவாட்டில் என்னவோ உரசியது.

"என்ன தம்பி சத்தம்?" என்றார் டிரைவர். அவர் ஒன்றையும் பார்த்திருக்கவில்லை.

வண்டி நின்றது. நான் குதித்து ஓடினேன். நாற்பது வயது இருக்கும் ஒரு பெண் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். கூடை கிழிந்து தள்ளிக் கிடந்தது. ஆரஞ்சுகள் ரோடு முழுக்க உருண்டு, சில சரிவில் போய்க்கொண்டிருந்தன. அவள் முழங்கை தோல் உரிந்து ரத்தம் வந்தது. இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சுங்கக்கா, எங்க அடி பட்டுது?"

"ஒண்ணுமில்லீங்க தம்பி. கூடையிலதான் பட்டுது, இழுத்து உட்டுருச்சு. தப்பு என்மேலதானுங்க, நானு இன்னுங் கொஞ்சம் தள்ளி நிக்கோணும்."

அவள் தாரில் நிற்கவில்லை. அவள் தலையில் வைத்திருந்த சும்மாடு தாருக்கு வெளியே மூன்றடி தள்ளி மண்ணில் கிடந்தது. எப்போதும் எல்லாரும் நிற்கும் இடம் அது. ஜன்னலில் எட்டிப் பார்த்த ஒருவர், "ரோட்டுல வந்து நின்னா இப்படித்தான்" என்றார். அவள் ஆமாம் என்பது போல் தலையாட்டினாள். எனக்கு அது தாங்கவில்லை.

டிரைவரும் இறங்கி வந்திருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து பழம் பொறுக்க ஆரம்பித்தார். புல்லைக் கையால் துழாவித் துழாவித் தேடினார். தேடிக்கொண்டிருந்த ஒரு பழத்தின் மேலேயே காலை வைத்து நசுக்கினார். நாலைந்து பேர் இறங்கி உதவினார்கள். அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் முன் சீட்டில் உட்கார வைத்தோம். மணிக்கட்டு அதற்குள் வீங்கிவிட்டது. கீழே போனதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று பேசினார்கள். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். எஞ்சினைப் போட்டார்.

கண்டக்டர் விசில் கொடுக்காமல் வண்டி நகராது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன்.

"ரைட் குடுப்பா, நேரமாகுது" என்றார் யாரோ.

டிரைவர் பக்கத்துக் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். அதில் நான் அவருக்குத் தெரிந்திருக்க மாட்டேன்.

"தம்பி, ஏறிட்டியா?"

"இல்லீங்கண்ணா."

"ஏறு. விசில் குடு."

"குடுக்க மாட்டனுங்கண்ணா."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே சத்தம் போட ஆரம்பித்தார்கள். கண்டக்டருக்கும் டிரைவருக்கும் சண்டையா, எங்களுக்கு எதற்கு வம்பு என்று ஒருவர் கத்தினார். நான் காரணம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அவரை அத்தனை பேர் முன்னால் என் வாயால் குருடன் என்று சொல்ல முடியவில்லை. விசிலை ஊதாமல் இருப்பது மட்டும்தான் என்னால் முடிந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவரே எஞ்சினை நிறுத்தினார். சீட்டிலிருந்து எழுந்து ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"எல்லாரும் எறங்கிக்கோங்க. பின்னால வர்ற வண்டியில ஏத்தி உடறோம்" என்றார்.

"ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?"

"வண்டி நல்லா இருக்குதுங்க. எனக்குத்தான் கண்ணு தெரியறதில்ல."

ஒரு பெரியவர் பேரப்பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கினார். ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். வாந்தி எடுத்த பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்த பார்வையில், உனக்கும் தெரியுமா என்ற கேள்வி இருந்தது. நான் குனிந்துகொண்டேன். மற்றவர்கள் வரிசையாக இறங்கினார்கள். முன் சீட்டில் இருந்த ஆரஞ்சுக்காரப் பெண் மட்டும் இறங்காமல், வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவரையே பார்த்தாள்.

"அடச் சாமி, எப்ப இருந்துங்க இப்படி?" என்று கேட்டாள். "ஊட்டுல சொன்னீங்களா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

பின்னால் வந்த வண்டியில் எல்லாரையும் ஏற்றிவிட்டோம். சேலத்திலிருந்து வேறு டிரைவர் வரும்வரை இரண்டு மணி நேரம் நானும் அவரும் ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். குரங்குகள் வந்து நசுங்கிய பழங்களைத் தின்றன. அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் கூட நின்று, பதினாறு நாளாக எனக்கும் தெரியும் என்று சொன்னேன். முதலாளி கத்தவில்லை. "ஒரு நாளைக்கு மூணு நட. ஒவ்வொரு நடைக்கும் எத்தன உசுரு? எறங்கறப்பவாச்சும் ஒரு நாள் நீ எண்ணிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். ஒரு மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்றார். எனக்கு அது சரி என்றுதான் பட்டது. அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. வைத்தியத்தை முதலாளி பார்த்துக்கொண்டார்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த மாதத்தில் ஒரு நாள் டிரைவரின் வீட்டுக்காரம்மா வந்தார். நான் அவரை இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருந்தேன். ஒல்லியானவர், மெதுவாகப் பேசுவார். அம்மா கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு முன்னாலயே தெரியும் தம்பி. தட்டுல கறி எங்க இருக்குதுன்னு தடவிப் பாத்துத்தான் திம்பாரு. செருப்ப எப்பவும் ஒரே எடத்துல வெப்பேன். தண்ணிச் செம்ப வலது கைப்பக்கம் வெப்பேன். கேட்டா என்ன சொல்லீருவாரோன்னு கேக்கறதில்ல. தெனமும் சாயங்காலம் வண்டி சத்தம் கேக்கற வரைக்கும் செபம் பண்ணிட்டு உக்காந்திருப்பேன். மத்தவங்க பிள்ளைகளும் அந்த வண்டியிலதான் வருதுங்கன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. உன்னைய மட்டும் எதுக்கு வெய்யோணும்?"

"அண்ணா என்னைப் பத்தி என்ன சொல்றாருங்க?"

"ஒண்ணும் சொல்றதில்ல. பேரே எடுக்கறதில்ல."

கண்ணில் புரை என்று டாக்டர் சொன்னாராம். ஒரு கண்ணில் ஆபரேஷன் நடந்தது, நாலு மாதம் கழித்து இன்னொன்றில். தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது. படிக்க முடிந்தது, ஆட்களை அடையாளம் தெரிந்தது. ஆனால் மலை ரோட்டில் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாளி நல்ல மனிதர். ஏற்காட்டில் எங்கள் வண்டிகளுக்கு டைம் கீப்பராக அவரைப் போட்டார். தினமும் முதல் வண்டியில் மேலே வந்து, கடைசி வண்டியில் கீழே போவார். ஆரஞ்சுக்காரப் பெண்ணின் வீட்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக அவளே என்னிடம் சொன்னாள். கட்டுப் பிரித்த பிறகு மறுபடி கூடையோடு வந்து நின்றாள், அதே இடத்தில்.

டைம் கீப்பரான பிறகும் எனக்கு அவர் டிரைவர்தான். ஆனால் என்னோடு மட்டும் பேசுவதில்லை. எனக்கு வந்த புது டிரைவரிடம், "உங்க கண்டக்டர்கிட்ட சொல்லுங்க, ரெண்டு நிமிசம் லேட்டு" என்பார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். புது டிரைவரும் என்னைப் பார்த்து, "ரெண்டு நிமிசம் லேட்டாம்" என்பார். "மூடுபனிங்கன்னு சொல்லுங்க" என்பேன் நான். ஒரு வருஷத்துக்கு மேல் இந்தக் கூத்து நடந்தது. ஏரிக்கரைக்கு நான் தனியாகப் போனேன். அவர் எனக்கு முன்னாலோ பின்னாலோ போய்விட்டு வருவார் என்று டீக்கடைக்காரர் சொல்வார்.

அதற்கும் அடுத்த வருஷக் கோடை முடிந்து, மழைக்கு முந்தின நாட்களில் ஒன்றில் எங்கள் வண்டி முன்னதாகவே வந்துவிட்டது. நான் ஏரிக்குப் போனபோது அவர் அங்கே நின்றிருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். படகுகளைக் கட்டி வைக்கும் மேடையில், எங்களுக்குப் பத்தடி தூரத்தில், ஒரு நீர்க்காகம் றெக்கையை விரித்துக்கொண்டு நின்றது. அவ்வளவு பக்கத்தில் அது வருவது அபூர்வம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி பார்த்தார்.

"இது நீலமா இருக்குதே" என்றார்.

யாரிடம் சொல்கிறார் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

"இத்தன வருசமும் கருப்புன்னே நெனச்சிட்டிருந்தேன். றெக்க ஓரமெல்லாம் நீலமா மினுக்குது. ஏந்தம்பி, உனக்குத் தெரியுதா?"

நான் உற்றுப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் எனக்குக் கருப்புதான்.

"எனக்குக் கருப்பாத்தானுங்க தெரியுது" என்றேன்.

"அப்படியா?" என்றார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். புரை எடுத்தவர்களுக்கு நீலம் அதிகமாகத் தெரியும் என்று பின்னால் அவர் மகளே எனக்குச் சொன்னாள். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. பறவை போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீ விசில் குடுக்காதது சரிதான்" என்றார், திடீரென்று. "அத நான் எப்பவோ ஒத்துக்கிட்டேன். ஆண்டவர்கிட்டயும் சொல்லிட்டேன். அன்னிக்கு அந்தப் பொம்பள ஓரடி முன்னால நின்னிருந்தா என்னாயிருக்கும்?"

"நானும் தப்புப் பண்ணுனனுங்கண்ணா. மொத நாளே—"

"இரு. நான் சொல்லி முடிச்சிடறேன். நீ பண்ணுனது சரி. ஆனா நான் இத்தன நாளா உங்கூடப் பேசாம இருந்ததும் சரிதான். எனக்கு அது வேணுமா இருந்துச்சு. முப்பது வருசம் ஓட்டுன கையி. யாருமேலயாவது கோவப்பட்டுட்டே இருந்தாத்தான் காலைல எந்திரிச்சு அந்த பஸ்ஸுல ஒரு பேசஞ்சரா உக்கார முடிஞ்சுது. முதலாளிமேல கோவப்பட முடியாது, டாக்டர்மேல கோவப்பட முடியாது. நீதான் கெடச்ச."

"பரவால்லீங்கண்ணா" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் வேணும்னாலும் இருந்துக்கோங்க."

அவர் சிரித்துவிட்டார். தடித்த கண்ணாடிக்குள் கண் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன.

அதற்குப் பிறகு அவர் முன்னைவிட அதிகமாகப் பேசினார். புது டிரைவரைப் பற்றிக் குறை சொல்வார், இரண்டாவது கியரில் இறங்க வேண்டிய இடத்தில் மூன்றாவதில் இறங்குகிறானாம், பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் சத்தத்திலேயே தெரிகிறதாம். மகள் படிப்பை முடித்துச் சேலத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு என்னையும் அம்மாவையும் அத்தாவையும் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கடைவீதியில் பீடாக் கடை, அதை விட்டு அசையமாட்டார். அன்றைக்கு நானும் அம்மாவும் மட்டும் போனோம்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். டிரைவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வீட்டுக்காரம்மாவோடு காலையிலேயே வந்துவிட்டார். பிரியாணி ஆவியில் கண்ணாடி மூடிக்கொள்கிறது என்று கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்ததும் பந்தல் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அத்தாவோடு உட்கார்ந்தார். அத்தா அதிகம் பேசாதவர். ஆனால் அன்றைக்கு மதியம் வெகு நேரம் இரண்டு பேரும் தலையைத் தலையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு தடவை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று பின்னால் அத்தாவிடமும் கேட்டேன், அவரிடமும் கேட்டேன். இரண்டு பேருமே சொல்லவில்லை.